தாய்ப் படிவம்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ள ஒரு ஜன்னல் உண்டு. முன்பெல்லாம் அங்கே பேர் என்ன, வயசு என்ன, உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டு உள்ளே அனுப்பிவிடுவார்கள். இது நாகரிகமான ஏற்பாடு இல்லை என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியது. உடனே ஒரு படிவ இயக்ககத்தை உண்டாக்கினார்கள். இயக்ககத்துக்கு ஓர் இயக்குநரைப் போட்டார்கள். இயக்குநருக்கு மூன்றாவது மாடியில் ஓர் அறையும், அறைக்கு ஒரு மீன்தொட்டியும் கொடுத்தார்கள். நோயாளிகளுக்கு மட்டும் புதிதாக எதுவும் கொடுக்க முடியவில்லை.

செருப்புக்கடையில் விற்பனையாளராக இருக்கும் ஒருவர் தன் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து நின்றது அந்த ஜன்னலில்தான். அந்த அம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கும், உதடு நீலம் பாரித்துவிடும். சீக்கிரம் மாற்றிவிட்டால் பிழைத்துக்கொள்வார், தள்ளிப்போட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று வெளியே பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார்.

"பொருளோட பேரு?" என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்.

செருப்புக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாராவது மூட்டை முடிச்சோடு நிற்கிறார்களோ என்று நினைத்தார்.

"உங்க வீட்டம்மா பேரைத்தான் கேக்கறேன், சார். இங்க அப்படித்தான் போட்டிருக்கு."

சொன்னார். அவள் தட்டிக்கொண்டாள்.

"யார் சப்ளை பண்ணது?"

"என்னம்மா கேக்கறீங்க?"

"இவங்க உங்களுக்கு யார் மூலமா வந்தாங்க?"

"மாமனார்தான். அவருதான் கட்டி வெச்சாரு."

"இப்ப இருக்காரா?"

"அவரு போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சு."

"அப்ப ரிட்டர்ன் வசதி இல்லன்னு போட்டுடறேன்."

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு முட்டும் என்று தெரிந்தும் சிரித்தார். "எங்கப்பா இருந்திருந்தா இவரு என்னை எப்பவோ திருப்பி அனுப்பியிருப்பாரு. போட்டுக்கோம்மா."

"வந்து சேரும்போது உடைசல், கசிவு ஏதாவது?"

"வால்வு கசியுது" என்றார் கடைக்காரர். அந்தப் படிவத்தில் அவரால் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தது அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும்தான்.

குளிர்ந்த, ஈரமில்லாத, வெளிச்சம் படாத இடத்தில் வைக்கவும் என்பது அடுத்த கட்டத்தில் தானாகவே நிரம்பியிருந்தது. அப்படி ஓர் இடம் இங்கே இருந்தால் கட்டாயம் வையுங்கள் என்று மனைவி கேட்டுக்கொண்டார். அதற்கும் அடுத்த கட்டத்தின் ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தது. நட்சத்திரம் போட்ட கட்டத்தை நிரப்பாமல் மேலே போக முடியாது.

"எக்ஸ்பயரி டேட் சொல்லுங்க."

கடைக்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கோபம் வந்தது. "என்னம்மா பேச்சு இது? வாயில வரலாமா?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "சார், இது மருந்து ஸ்டோருக்காகப் பண்ண படிவம். மாத்திரை, பஞ்சு, ஊசி எல்லாம் பதிய. ரொம்ப நல்லா வந்திடுச்சுன்னு அதையே எல்லாத்துக்கும் வெச்சுட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்? ஏதாவது ஒரு தேதி சொன்னாத்தான் உள்ள விடும்."

"இருக்கறதுலயே கடைசித் தேதி எதுவோ அதைப் போடும்மா. நூறு வருஷம் போடு."

"அஞ்சு வருஷத்துக்கு மேல ஏத்துக்காது, சார். எந்த மருந்தும் அதுக்கு மேல தாங்காதில்ல."

"சரி, அஞ்சு போடு."

"பொண்டாட்டிக்கு அஞ்சே அஞ்சு வருஷம்" என்றார் மனைவி. "கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு இருக்குங்க."

இப்படியாக அந்த அம்மா பதிவானார். படுக்கையும் கிடைத்தது. பரிசோதனைகள் முடிந்தன. கூப்பிடுவார்கள், தயாராக இருங்கள் என்றார்கள். கூப்பிடவில்லை.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் அறுவை முடிந்து, தையல் பிரித்து, வாழைப்பழம் உரித்துத் தின்றுகொண்டே வீட்டுக்குப் போனார்கள். கடைக்காரர் தினமும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் போய்ப் பார்ப்பார். மனைவியின் பேர் கடைசியில் இருக்கும். புதிதாக யாராவது வந்தால் அவர்கள் மேலே போய் உட்கார்ந்துகொள்வார்கள், மனைவியின் பேர் இன்னும் கீழே இறங்கும். மனைவியின் கால் வீங்க ஆரம்பித்தது. படுத்தால் மூச்சு விட முடியாமல் தலையணையை நிமிர்த்திவைத்து உட்கார்ந்தே தூங்கினார்.

விஷயத்தைப் போட்டு உடைத்தவர் ஒரு வேன் டிரைவர். அவருடைய தம்பிக்குப் பித்தப்பையில் சின்னதாக ஒரு கல்.

"வந்த நாலாம் நாளே எடுத்துட்டாங்களே, எப்படிங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"எக்ஸ்பயரி என்ன போட்டீங்க?"

"அஞ்சு வருஷம்."

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், ஸ்டோர்ல எந்த மருந்தை முதல்ல வெளிய எடுப்பாங்க? சீக்கிரம் கெட்டுப்போறதைத்தானே? அதே கணக்குதான்யா லிஸ்ட்டுக்கும். நான் தம்பிக்கு அடுத்த திங்கள்னு போட்டேன். சனிக்கிழமையே கல்லை எடுத்துக் கையில குடுத்துட்டாங்க. நீ அஞ்சு வருஷம் போட்டா நாலரை வருஷம் கழிச்சுத்தான் கூப்பிடுவான்."

கடைக்காரர் ஆசையாகப் போட்ட அஞ்சு வருஷம் அது. அந்த நடைக்கூடத்தில் அவருக்கு மட்டும்தான் இது தெரியாமல் இருந்திருக்கிறது. மற்ற சொந்தபந்தங்கள் எல்லாம் ஏலத்தில் கேட்பது போலத் தேதியைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் மாமியாருக்கு அடுத்த வாரம் என்று போட்டால் இன்னொருவர் தன் அண்ணனுக்கு இந்த வாரக் கடைசி என்று போடுவார். பாசம் அதிகமாக அதிகமாகத் தேதி நெருங்கிவந்தது. குடல்வால் ஆபரேஷனுக்கு வந்த ஒருவரின் மகள் நாளைக்கே என்று போட்டுவிட்டு, சுற்றி நின்றவர்களை ஜெயித்துவிட்ட முகத்தோடு பார்த்தாள்.

கடைக்காரர் அறுவை மருத்துவரைப் பிடித்துக் கேட்டார். நல்ல மனிதர், கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

"உங்க வீட்டம்மாவைத்தான் முதல்ல எடுத்திருக்கணும். எனக்குத் தெரியாதா? தியேட்டர் கதவே லிஸ்ட்ல முதல்ல இருக்கற நம்பருக்குத்தான் திறக்குது. நேத்து ஒரு நகச்சுத்திக்குத் திறந்துச்சு. என்ன பண்றது, கையைக் கழுவிட்டுப் போய் அதை வெட்டிட்டு வந்தேன்."

"நீங்க மேல சொல்லக் கூடாதா, டாக்டர்?"

"சொன்னேன். 'கருத்து' கட்டத்துல எழுதுங்கன்னாங்க. அதுல இருபது எழுத்துதான் பிடிக்கும்."

கடைக்காரர் மூன்றாவது மாடிக்கு ஏறினார். படிவ இயக்குநர் மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். சாந்தமான முகம். வந்தவரை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு காகிதத்தைக் காட்டினார். சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"அது தெரியுதா? அதுதான் தாய்ப் படிவம். நாம கம்ப்யூட்டர்ல பாக்கற படிவங்க எல்லாம் அது பெத்த குழந்தைங்க. நோயாளிப் படிவம், சாப்பாட்டுப் படிவம், ஊழியர் லீவுப் படிவம், எல்லாம். ஒரு தடவை வடிவமைச்சோம், எல்லா இடத்திலயும் பயன்படுத்தறோம். முன்னாடி எழுபது படிவம் இருந்துச்சு, ஐயா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேலைக்கு. என்ன அராஜகம், பாத்துக்கோங்க."

"அந்த எக்ஸ்பயரி கட்டத்தை மட்டும் நோயாளிங்களுக்கு எடுத்துட்டா..."

இயக்குநரின் முகம் வாடியது. "தாய்கிட்ட இருந்து ஒரு உறுப்பை வெட்டச் சொல்றீங்களா? சேக்கச் சொல்லுங்க, சேக்கறோம். எடுக்க மட்டும் முடியாது. எடுத்துட்டா அப்புறம் ஸ்டோருக்கு என்ன வழி? கல்யாணப் பதிவு ஆபீஸ்ல இதே படிவத்தை வாங்கி வெச்சிருக்காங்க. சப்ளையர், உடைசல், எக்ஸ்பயரி எல்லாத்தையும் நிரப்பித்தான் கல்யாணம் பண்ணிக்கறாங்க. ஒரு புகார் கிடையாது. ஜெயில்ல வாங்கியிருக்காங்க. ரிட்டர்ன் கட்டம் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

"சார், நான் செருப்புக்கடையில வேலை பாக்கறவன். எல்லாருக்கும் ஒரே அளவு செருப்பைக் குடுத்தா எப்படிங்க?"

"கால் பழகிக்கும்" என்றார் இயக்குநர்.

இறுக்குகிறது என்று சொல்லும் வாடிக்கையாளர்களிடம் கடைக்காரரும் தினமும் இதைத்தான் சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்.

"தேதியை வேணா மாத்திக்கலாம்" என்றார் இயக்குநர், இரக்கப்பட்டு. "ஆனா ஒரு தடவைதான். அடிக்கடி மாத்தினா ஸ்டோர்ல திருடுவாங்க. அதனால அப்படி வெச்சிருக்கோம்."

கீழே வந்து ஜன்னல் பெண்ணிடம் விவரம் கேட்டார். கிட்டத்துத் தேதி போட்டு, அதற்குள் கூப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று. பேர் தானாகவே 'கழித்தவை' பட்டியலுக்குப் போய்விடும், அப்புறம் தியேட்டருக்கு எடுக்க முடியாது என்றாள். அவள் அதைச் சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை, எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் கட்டிலில் உட்கார்ந்து தேதி பார்த்தார்கள். ஒரு வருஷம் கழித்து வரும் தேதியாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பட்டியலில் அடுத்த வெள்ளிக்கிழமைவரை தேதி போட்டவர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள், அதற்கு முன்னால் போட்டால்தான் மேலே ஏற முடியும்.

"வியாழக்கிழமைன்னு போடுங்க" என்றார் மனைவி.

"ரொம்பக் கிட்டப் போகுதே."

"அஞ்சு வருஷம் போட்டவரு அஞ்சு நாளுக்குப் பயப்படறீங்களா? இப்ப இருக்கற நிலைமைல எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க."

வியாழக்கிழமை என்று போட்டார்கள். திருத்தியவர் என்ற இடத்தில் கணவர் என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் பட்டியலில் மனைவியின் பேர் விறுவிறுவென்று மேலே ஏறியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை முதல் ஆள். அறுவை மருத்துவரே வந்து தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். மனைவி அன்றைக்குத் தலைவாரிப் பின்னிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை தியேட்டர் பூட்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஏதோ ஒரு பெரிய அமைப்பிலிருந்து சிறந்த படிவ மறுபயன்பாட்டுக்கான விருது கிடைத்திருந்தது. விழாவுக்கு எல்லா ஊழியர்களும் வந்தாக வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவர் வரவேற்புரை. அறுவை மருத்துவர் பூச்செண்டு கொடுக்கும் வரிசையில் மூன்றாவது ஆள். மேடையில் வெளிச்சம் போதவில்லை என்று தியேட்டரிலிருந்து பெரிய விளக்கைக் கழற்றிக்கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். அதன் கீழே நின்று இயக்குநர் பேசினார்.

"இந்தப் படிவத்தை வடிவமைத்தபோது நான் ஒரு நோயாளியைக்கூட நேரில் பார்க்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். பார்த்திருந்தால் என் மனம் அவர் பக்கம் சாய்ந்திருக்கும். படிவம் அவருக்குப் பொருத்தமாக அமைந்திருக்கும். அது மற்றவர்களுக்குச் செய்யும் துரோகம். யாருக்குமே பொருந்தாத படிவம்தான் எல்லாருக்கும் சமமாக இருக்கும். நோயாளிகள் வருவார்கள், போவார்கள். சிலர் போயே விடுவார்கள். படிவம் நிற்கும்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. கடைக்காரர் கூட்டத்துக்குள் புகுந்து அறுவை மருத்துவரைத் தேடினார். அவர் தேடுவதை இயக்குநர் பார்த்துவிட்டார். மேடை ஓரமாக வரச் சொல்லி, காதோடு காதாகப் பேசினார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. பயனாளர் ஒருத்தர் பேசணும்னு நிகழ்ச்சி நிரல்ல இருக்கு, வர்றேன்னவர் வரல. ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லுங்க. நாளைக்கு உங்க வீட்டம்மாவை முதல் ஆளா எடுக்கச் சொல்றது என் பொறுப்பு."

கடைக்காரர் மேடை ஏறினார். என்ன பேசினார் என்று அவரைக் கேட்டால் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். "இந்தப் படிவம் ரொம்ப நல்ல படிவம்ங்க. எதையும் விடாம கேக்குது. எங்க மாமனாரைப் பத்திக்கூடக் கேட்டாங்க. இப்படி யாரு கேக்கறா இந்தக் காலத்துல" என்றார். ஜனங்கள் நெகிழ்ந்துபோனார்கள். அவருக்கும் ஒரு பூச்செண்டு கிடைத்தது. அதை மனைவியிடம் கொண்டுபோகப் பிடிக்காமல் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனார். தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

புதன்கிழமை இருப்புக் கணக்கெடுப்பு. மருந்து ஸ்டோரில் வருஷத்துக்கு ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் எண்ணுவார்கள். அன்றைக்கு எதுவும் உள்ளே வராது, வெளியே போகாது. தாய்க்கு இருக்கும் வழக்கம் குழந்தைக்கும் உண்டு அல்லவா, வார்டுகளையும் சாத்திவிட்டார்கள். இரண்டு பேர் கட்டில் கட்டிலாகப் போய் நோயாளிகளின் நெற்றிக்கு நேரே விரலை நீட்டி எண்ணினார்கள். ஓர் ஆள் அதிகமாக வந்தது. மறுபடி எண்ணினார்கள், அப்போதும் அதிகம். சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்த நர்ஸ் ஒருத்தி காலிக் கட்டிலில் அசந்து தூங்கிவிட்டிருந்தாள். அவளைக் கணக்கிலிருந்து கழிப்பதா, பதிவு செய்து சேர்த்துக்கொள்வதா என்று முடிவெடுப்பதற்குள் இருட்டிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் பட்டியலில் மனைவியின் பேரே இல்லை.

"இன்னிக்குத்தானேம்மா தேதி! இன்னும் முடியலையே!" என்று ஜன்னலில் கத்தினார் கடைக்காரர்.

"எக்ஸ்பயரி அன்னிக்கே எதையும் வெளிய குடுக்கக் கூடாது, சார். அதுக்கு முதல் நாளோட நிறுத்திடணும். ஸ்டோர் விதி." அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது. "எனக்கே இப்பத்தான் தெரியும், சார். சத்தியமா."

இயக்குநரிடம் ஓடினார். இயக்குநர் வார்த்தை தவறவில்லை. உங்கள் மனைவியைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று நேற்றுக் காலையிலேயே எழுதி அனுப்பிவிட்டதாகவும், பட்டியலில் பேர் இருந்தால் நிச்சயம் முதலில் எடுப்பார்கள் என்றும் உறுதி சொன்னார்.

கழித்துப்போட்ட பொருளுக்குச் சாப்பாடு வராது. மாத்திரையும் வராது. தூங்கி மாட்டிக்கொண்ட அந்த நர்ஸ்தான் பக்கத்துக் கட்டில் பொட்டலத்திலிருந்து இரண்டு மாத்திரையை மறைத்து எடுத்துவந்து கொடுத்தாள். வெள்ளிக்கிழமை முழுவதும் கடைக்காரர் கட்டிலைவிட்டு நகரவில்லை. வெளியே வாங்கிய ரொட்டியைப் பாலில் தோய்த்து ஊட்டினார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, வீங்கியிருந்த பாதங்களை மடியில் எடுத்துவைத்துப் பிடித்துவிட்டார்.

"ஊர்ல இருக்கறவங்க காலையெல்லாம் பிடிச்ச கை" என்றார் மனைவி. "என் காலுக்கு இன்னிக்குத்தான் வந்துச்சு."

"வலிக்குதா?"

"இல்லீங்க. பிடிங்க." நிமிர்த்திவைத்த தலையணையில் சாய்ந்துகொண்டார். "எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க ஒடிஞ்சு போயிடுவீங்கன்னுதான் இத்தனை நாளா சிரிச்சுக்கிட்டிருந்தேன். ரொம்பப் பயமா இருக்கு. என்னை விட்டுட்டு எங்கயும் போயிடாதீங்க."

"போகல" என்றார். போகவும் இல்லை. விடியும்வரை அந்தப் பாதங்கள் அவர் மடியில்தான் இருந்தன.

சனிக்கிழமை ஜன்னல் பெண் தானாகவே வார்டுக்கு வந்து ஒரு வழி சொன்னாள். கழித்த பொருளைத் திருத்த முடியாது. ஆனால் ஒரு தடவை வெளியே கொண்டுபோய்விட்டு மறுபடி உள்ளே கொண்டுவந்தால் புதுச் சரக்காகப் பதியலாம், புதுத் தேதி போடலாம். தேதியை எப்படிப் போட வேண்டும் என்பதும் இப்போது தெரியும்.

சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார். முன்வாசல் காவலர் அனுமதிக்கவில்லை. கழித்தவை எல்லாம் பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். பின்வாசலில் காலி அட்டைப்பெட்டிகள், உடைந்த கட்டில்கள், கறை படிந்த மெத்தைகள் எல்லாம் லாரிக்குக் காத்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். காவலர் ஒவ்வொன்றாகச் சீட்டைப் பார்த்து, டிக் அடித்து, வெளியே விட்டார். மெத்தைகளின் முறை வந்தபோது மனைவியின் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. தூங்குகிறார் என்று நினைத்துக் கடைக்காரர் தலையை நேராக வைத்தார். அது மறுபடியும் சாய்ந்தது.

இறப்புச் சான்றிதழும் அதே ஜன்னலில்தான் கொடுக்கிறார்கள். அந்தப் பெண் தட்டினாள். இறந்த நாள் என்ற கட்டம் தானாகவே நிரம்பி வந்தது. வியாழக்கிழமை.

"சனிக்கிழமைம்மா. நீயே வந்து பாத்தியே. உன்கூடப் பேசினாளே."

"பேசினாங்க, சார்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "எக்ஸ்பயரி கட்டத்துல இருக்கற தேதியைத்தான் இங்க எடுத்துக்குது. மாத்தவே விட மாட்டேங்குது. ஒரு தடவைதான் மாத்தலாம், அதை நாம ஏற்கெனவே மாத்திட்டோம்."

இயக்குநர் விஷயம் கேள்விப்பட்டுக் கீழே இறங்கி வந்திருந்தார். கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். "ஒண்ணு மட்டும் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. வேற எந்தப் பெரிய டாக்டரும் இவ்வளவு சரியா நாள் குறிச்சிருக்க முடியாது. உங்க தேதி ரெண்டே நாள்தான் தள்ளிப்போயிருக்கு. படிவம் எவ்வளவு துல்லியம்னு இதைத்தான் அடுத்த கூட்டத்துல எடுத்துச் சொல்லப்போறேன்."

கடைக்காரர் கையை விடுவித்துக்கொண்டார். ஜன்னலுக்குள் பார்த்துக் கேட்டார். "அப்ப வெள்ளிக்கிழமை ராத்திரி பூரா நான் யார் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்?"

அந்தப் பெண் காகிதத்தை அச்செடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். மேலே கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்று கீழே எழுதியிருந்தது. அதில் கையெழுத்துப் போடாவிட்டால் உடலைக் கொடுக்க மாட்டார்கள். பிணவறைக்கு வெளியே இவருக்காக வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

அவர் பேனாவை வாங்கினார். வியாழக்கிழமை என்று இருந்த இடத்தை ஒருமுறை படித்தார். தன் பேரைத் தெளிவாக எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.